உகாண்டாவின் தூக்கு மசோதாவை எதிர்த்து நின்றவர்கள்

கேள்வி இதுதான்: ஒரு பிரிவு மக்களை மட்டும் குறிவைத்து ஓர் அரசு மரண தண்டனைச் சட்டம் கொண்டுவந்தால், மனித உரிமைக்காரர்களால் அறிக்கை விடுவதைத் தாண்டி என்ன செய்ய முடியும்? எங்காவது அது பலித்திருக்கிறதா? இங்கே இருக்கிற நாம் அதில் செய்ய ஏதாவது உண்டா?

பலித்திருக்கிறது. பலிக்காமலும் போயிருக்கிறது. இரண்டும் ஒரே நாட்டில், ஒரே சட்டத்தை ஒட்டி நடந்திருப்பதால் உகாண்டாவை வைத்தே பதில் சொல்கிறேன். பல ஆண்டுகளாக நான் விடாமல் பின்தொடர்ந்து வரும் விஷயம் இது. கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

2009 அக்டோபரில் டேவிட் பஹாத்தி என்ற ஆளுங்கட்சி எம்.பி. உகாண்டா நாடாளுமன்றத்தில் ஒரு தனிநபர் மசோதாவை வைத்தார். தன்பாலின உறவு எதிர்ப்பு மசோதா என்று பெயர். அந்த உறவு அங்கே ஏற்கெனவே குற்றம்தான். நம்முடைய தண்டனைச் சட்டத்தில் 377ஆம் பிரிவை விட்டுப்போன அதே பிரிட்டிஷ்காரர்கள்தான் அங்கே 145ஆம் பிரிவை விட்டுப்போனார்கள். ‘இயற்கை நியதிக்கு மாறான’ என்ற வாசகம்கூட அப்படியே இருக்கும். அதிகபட்சத் தண்டனை ஆயுள். அது போதாது என்று பஹாத்தி புதிதாக ஒரு குற்றத்தைச் சேர்த்தார். ‘கடுமையாக்கப்பட்ட’ தன்பாலின உறவு. அதற்குத் தண்டனை மரணம்.

அந்தப் பிரிவை நிதானமாகப் படித்தால்தான் சூது புரியும். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரைக் கெடுப்பது, பெற்றவரோ பாதுகாவலரோ அதைச் செய்வது, மயக்கமருந்து கொடுத்துச் செய்வது என்று பட்டியல் தொடங்கும். இதையெல்லாம் யார் ஆதரிக்கப்போகிறார்கள்? ஆனால் அதே பட்டியலில் இன்னும் இரண்டு வகை இருந்தன. ஒன்று, குற்றம் சாட்டப்பட்டவருக்கு எச்.ஐ.வி. இருப்பது. இன்னொன்று, ‘தொடர் குற்றவாளி’யாக இருப்பது. அதாவது, வயதுவந்த இருவர், இருவரும் சம்மதித்து, பூட்டிய கதவுக்குப் பின்னால் இருந்தாலும், ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்தாலோ முன்பே ஒரு தண்டனை இருந்தாலோ அவருக்குத் தூக்கு. அதே செயலை ஆணும் பெண்ணும் செய்தால் இந்த மசோதாவில் எந்தக் குற்றமும் இல்லை. குற்றம் செயலில் இல்லை, ஆளில் இருக்கிறது. பாரபட்சமான மரண தண்டனைச் சட்டம் என்று நான் சொல்வது இதைத்தான்.

கூடவே இன்னொரு பிரிவும் இருந்தது. பொறுப்பில் இருக்கும் ஒருவர், இப்படி ஒருவரைத் தெரிந்தும் 24 மணி நேரத்துக்குள் புகார் செய்யாவிட்டால் அவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை. டாக்டர், நர்ஸ், வாத்தியார், ஆலோசகர், பாதிரியார் எல்லோரும் இதில் வந்துவிடுவார்கள். எதிர்ப்பாளர்களுக்கு முதல் பிடி கிடைத்தது இந்தப் பிரிவில்தான். அதற்கு அப்புறம் வருகிறேன்.

இது உகாண்டாவில் தானாக முளைத்த வெறுப்பு என்று நினைத்துவிடக் கூடாது. 2009 மார்ச்சில் தலைநகர் கம்பாலாவில் ஒரு கருத்தரங்கு நடந்தது. அமெரிக்காவிலிருந்து ஸ்காட் லைவ்லி உள்ளிட்ட மூன்று பிரசாரகர்கள் வந்து, தன்பாலினத்தவர்கள் குழந்தைகளைக் குறிவைக்கும் கூட்டம் என்று பேசிவிட்டுப் போனார்கள். ஏழு மாதத்தில் மசோதா வந்தது. இந்தத் தொடர்பு வெளியே தெரிந்ததற்குக் காரணம் கப்யா கவோமா என்ற ஸாம்பியா நாட்டு ஆங்கிலிக்கன் பாதிரியார். அவர் அந்தக் கருத்தரங்கிலேயே போய் உட்கார்ந்து, பேசியதைப் பதிவு செய்துகொண்டு வந்தார். பின்னால் 2012இல், உகாண்டா பாலினச் சிறுபான்மையினர் கூட்டமைப்பு லைவ்லி மீது அமெரிக்காவிலேயே வழக்குப் போட்டது. 2017இல் அதிகார வரம்பு இல்லை என்று வழக்கு தள்ளுபடியானது. ஆனால் தள்ளுபடி செய்த நீதிபதியே லைவ்லியின் நடத்தையைத் தீர்ப்பில் கடுமையாகக் கண்டித்தார். ஒரு ஆள் போய் உட்கார்ந்து குறிப்பெடுத்ததில் தொடங்கியது அது. மனித உரிமை வேலை என்றால் பெரும்பாலும் இதுதான்: போய் உட்கார்வது, எழுதிவைத்துக்கொள்வது, சரியான நாளில் எடுத்துக் காட்டுவது.

சரி, உள்ளூரில் எதிர்த்தவர்கள் என்ன செய்தார்கள்?

மசோதா வந்த சில வாரங்களில் மனித உரிமைக்கும் அரசியலமைப்புச் சட்டத்துக்குமான ஒரு குடிமைச் சமூகக் கூட்டணியை உருவாக்கினார்கள். பெயரில் தன்பாலினம் என்ற சொல்லே கிடையாது. வேண்டுமென்றேதான். அகதிகளுக்காக வேலை செய்பவர்கள், பெண்ணுரிமை அமைப்புகள், எச்.ஐ.வி. சேவை செய்பவர்கள், பத்திரிகைச் சுதந்திரத்துக்காகப் பேசுபவர்கள் என்று பலரையும் அதில் சேர்த்தார்கள். இவர்களில் பலருக்குத் தன்பாலின உறவைப் பற்றித் தனிப்பட்ட முறையில் நல்ல அபிப்பிராயம் இருந்ததா என்பது வேறு கேள்வி. ஆனால் ‘24 மணி நேரத்துக்குள் காட்டிக்கொடு’ என்ற பிரிவு தங்கள் கழுத்துக்கும் கயிறு என்பது அவர்களுக்குப் புரிந்தது. தன்னிடம் வரும் நோயாளியைப் போலீசில் சொல்லாவிட்டால் டாக்டருக்குச் சிறை என்றால், எந்த நோயாளி உண்மையைச் சொல்வான்? எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தியதில் ஒரு காலத்தில் ஆப்பிரிக்காவுக்கே முன்மாதிரியாகப் பேசப்பட்ட நாடு உகாண்டா. அந்த வேலை முழுக்கப் பாழாகிவிடும் என்று மருத்துவப் பக்கம் இருந்தவர்களே பேச ஆரம்பித்தார்கள்.

குழந்தைகளைக் காப்பாற்றத்தான் இந்தச் சட்டம் என்ற வாதத்துக்கும் இதே போல நேரடியாகப் பதில் சொன்னார்கள். சிறுவர் சிறுமியர் மீதான பாலியல் குற்றச் சட்டத்தை உகாண்டா 2007இலேயே திருத்தி, ஆண் குழந்தை பெண் குழந்தை இருவருக்கும் பொதுவாக்கி, கடுமையான வகைக்கு மரண தண்டனை வரை வைத்திருந்தது. அப்படியிருக்கப் புதிதாக எந்தக் குழந்தையைக் காப்பாற்றப்போகிறீர்கள் என்று கேட்டார்கள். நான் மரண தண்டனையை எந்தக் குற்றத்துக்கும் ஏற்காதவன். 2007 திருத்தத்தின் தண்டனையும் எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் வாதம் என்ற அளவில் இதில் ஓட்டையே கிடையாது. மக்கெரெரே பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் சில்வியா தமாலே 2009 நவம்பரில் ஒரு பொது விவாத மேடையில் நின்று, இந்த மசோதாவைப் பிரிவு பிரிவாகப் பிரித்துப் போட்டார். அன்றைய கம்பாலாவில் அதைச் செய்யத் தனித் துணிச்சல் வேண்டும்.

துணிச்சலுக்கு என்ன விலை என்று தெரிய வேண்டுமானால் டேவிட் காட்டோவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

காட்டோ பள்ளி ஆசிரியராக இருந்தவர். பாலினச் சிறுபான்மையினர் கூட்டமைப்பில் பரப்புரைப் பொறுப்பு அவருடையது. 2009 டிசம்பரில் கம்பாலாவில் மசோதா பற்றி நடந்த ஒரு கூட்டத்தில் அவர் எழுந்து பேசினார். பதற்றத்தில் குரலே சரியாக வரவில்லை. எழுதி வைத்திருந்ததை வாசித்தார். அவர் வாசிக்கும்போதே அந்நாட்டு மனித உரிமை ஆணையத்தைச் சேர்ந்த சிலர் தங்களுக்குள் கேலி பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பஹாத்தி பேசியபோது கைதட்டல் விழுந்தது. இதெல்லாம் அங்கே இருந்த அமெரிக்கத் தூதரக அதிகாரி அனுப்பிய ரகசியக் குறிப்பு பின்னர் கசிந்தபோது வெளியே வந்தது. மனித உரிமை ஆணையம் என்று பெயர்ப்பலகை வைத்திருப்பவர்கள் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில் ஒரு மனிதர் நடுங்கும் குரலில் கடைசி வரி வரை வாசித்து முடிக்கிறார். எதிர்ப்பு என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஊர்வலம் இல்லை, இந்தக் காட்சிதான்.

2010 அக்டோபரில், ‘ரோலிங் ஸ்டோன்’ என்ற உள்ளூர் வாரப் பத்திரிகை, அதே பெயருள்ள அமெரிக்கப் பத்திரிகைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, தன்பாலினத்தவர்கள் என்று சொல்லிப் பலரின் பெயர், படம், சிலருடைய முகவரி எல்லாவற்றையும் போட ஆரம்பித்தது. முதல் பக்கத்தில் ‘தூக்கில் போடுங்கள்’ என்ற வாசகம். அதில் காட்டோவின் படமும் இருந்தது. காட்டோவும் சக செயற்பாட்டாளர்கள் காஷா நபகெசெரா, பெப்பே ஒன்ஸியெமா இருவரும் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

இந்த வழக்கை அவர்கள் எப்படிக் கட்டினார்கள் என்பதைக் கவனியுங்கள். தன்பாலின உறவு சரியா தவறா என்ற கேள்வியைத் தொடவே இல்லை. தொட்டிருந்தால் 145ஆம் பிரிவு வந்து குறுக்கே நிற்கும். வீட்டு முகவரியைப் போட்டுத் தூக்கில் போடு என்று எழுதுவது ஒரு குடிமகனின் கண்ணியத்தையும் அந்தரங்கத்தையும் மீறுகிறதா இல்லையா, அவ்வளவுதான் கேட்டார்கள். மீறுகிறது என்று 2011 ஜனவரி தொடக்கத்தில் தீர்ப்பு வந்தது. மூவருக்கும் தலா 15 லட்சம் ஷில்லிங் இழப்பீடு, இனிமேல் வெளியிடத் தடை. இதற்கு அடிப்படை ஏற்கெனவே போடப்பட்டிருந்தது. 2005இல் விக்டர் முகாசா என்ற செயற்பாட்டாளரின் வீட்டில் வாரண்ட் இல்லாமல் உள்ளூர் அதிகாரிகள் புகுந்து காகிதங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். அந்த வழக்கில் 2008 டிசம்பரில் உயர் நீதிமன்றம், அரசியலமைப்பு தரும் உரிமைகள் இவர்களுக்கும் உண்டு என்று சொல்லிவிட்டது. ஒரு தீர்ப்பின் தோளில் அடுத்த தீர்ப்பு ஏறி நின்றது.

தீர்ப்பு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. 2011 ஜனவரி 26 அன்று காட்டோ தன் வீட்டிலேயே சுத்தியலால் தலையில் அடிக்கப்பட்டார், உயிர் பிழைக்கவில்லை. கொலைக்கும் அவருடைய வேலைக்கும் சம்பந்தம் இல்லை என்று போலீஸ் சொன்னது. ஒருவருக்கு 30 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

அடக்கம் அவருடைய கிராமத்தில் நடந்தது. நண்பர்கள் அவர் படம் போட்ட டி-ஷர்ட்டில் வந்திருந்தார்கள். பிரார்த்தனை நடத்த வந்த பாதிரியார் மைக்கைப் பிடித்து, தன்பாலினத்தவர்கள் மனம் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் தண்டனை என்று பேச ஆரம்பித்தார். இறந்தவரின் பெட்டிக்கு முன்னால். நண்பர்கள் எழுந்து மைக்கைப் பறித்தார்கள். தள்ளுமுள்ளு ஆனது. ஊர்க்காரர்கள் பெட்டியைத் தொட மாட்டோம் என்றார்கள். கடைசியில் நண்பர்களே சுமந்துபோய்ப் புதைத்தார்கள். அங்கே அவர்களோடு நின்று ஆறுதல் சொன்னவர் ஓய்வுபெற்ற ஆங்கிலிக்கன் பிஷப் கிறிஸ்டோபர் சென்யோன்ஜோ. அப்போது அவருக்கு 80 வயது நெருங்கிக்கொண்டிருந்தது. இந்த மக்களுக்கு ஆதரவாக நின்றதற்காக அவருடைய சபையே அவரை ஒதுக்கி வைத்திருந்தது.

சாவு வீட்டில்கூட விடாத வெறுப்பு இது. இதற்கு நடுவிலும் அவர்கள் மசோதாவை விடவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் ஆச்சரியம்.

இனி வெளிநாட்டு அழுத்தம். இதைப் பற்றி இரண்டு விதமாகவும் பேசுவார்கள். அது இல்லாமல் ஒன்றும் நடந்திருக்காது என்று ஒரு கட்சி, அதுதான் எல்லாவற்றையும் கெடுத்தது என்று இன்னொரு கட்சி. என் கணிப்பில் இரண்டும் பாதி சரி.

2010 ஜனவரியில் அதிபர் முசெவெனி தன் கட்சிக்காரர்களிடம், இது வெளியுறவு விவகாரமாகிவிட்டது, பிரிட்டன் பிரதமரும் அமெரிக்க வெளியுறவு அமைச்சரும் இதைப் பற்றித்தான் பேசுகிறார்கள், நிதானமாகப் போங்கள் என்று சொன்னார். நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்ட ஒரு மனுவை, உகாண்டா பாதிரியார் ஒருவரே நாடாளுமன்றத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார். 2011 மே மாதம் அந்த நாடாளுமன்றத்தின் காலம் முடிந்தது, மசோதாவும் ஓட்டெடுப்புக்கு வராமலே காலாவதியானது. அழுத்தம் வேலை செய்தது.

ஆனால் அதே 2011 அக்டோபரில் பிரிட்டன் பிரதமர் டேவிட் கேமரூன், இப்படிச் சட்டம் வைத்திருக்கும் நாடுகளுக்கு உதவியை வெட்டுவோம் என்ற தொனியில் பேசினார். உடனே ஆப்பிரிக்கா முழுவதிலுமிருந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட அமைப்புகள் கையெழுத்திட்டு, வேண்டாம் என்று அறிக்கை விட்டன. உதவியை வெட்டினால் ஆஸ்பத்திரியில் மருந்து இல்லாமல் போகும், பழி எங்கள் தலையில் விழும், அயல்நாட்டின் கைக்கூலிகள் என்ற பட்டம் உறுதியாகும் என்றார்கள். யாரைக் காப்பாற்றப் போவதாகச் சொல்கிறார்களோ அவர்களே நிறுத்துங்கள் என்று சொன்ன இந்தச் சம்பவத்தை வெளியிலிருந்து உதவ நினைக்கும் எல்லோரும் படிக்க வேண்டும். அடுத்த ஆண்டே அவர்கள் பயந்தது நடந்தது. 2012 அக்டோபரில் கனடாவின் கியூபெக் நகரில் நடந்த ஒரு சர்வதேச நாடாளுமன்றக் கூட்டத்தில் கனடாவின் வெளியுறவு அமைச்சர் உகாண்டாவை வெளிப்படையாகச் சாடினார். அங்கே இருந்த உகாண்டா சபாநாயகர் ரெபேக்கா கடாகா, நாங்கள் உங்கள் காலனி இல்லை என்று திருப்பிக் கொடுத்தார். ஊர் திரும்பியபோது விமான நிலையத்தில் அவருக்குப் பெரிய வரவேற்பு. அடுத்த மாதமே, இந்த மசோதாவை மக்களுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாகத் தருவேன் என்றார்.

அந்தக் கிறிஸ்துமசுக்குத் தரவில்லை, அடுத்த கிறிஸ்துமசுக்குத் தந்தார். 2013 டிசம்பர் 20 அன்று மசோதா நிறைவேறியது. ஆனால் நான்கு ஆண்டுப் போராட்டத்தில் ஒன்று கரைந்திருந்தது. மரண தண்டனை போய் ஆயுள் தண்டனை வந்திருந்தது. 2014 பிப்ரவரி 24 அன்று முசெவெனி கையெழுத்திட்டார்.

இப்போது வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

அன்று மசோதா நிறைவேறியபோது பிரதமர் அமாமா ம்பாபாஸி எழுந்து, சபையில் கோரம் இல்லை என்று சொன்னார். கோரம் என்றால் வாக்களிக்கும் உரிமையுள்ள உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கு பேராவது இருக்க வேண்டும் என்ற விதி. யாராவது அந்த ஆட்சேபனையைக் கிளப்பினால் சபாநாயகர் தலைகளை எண்ணியாக வேண்டும். கடாகா எண்ணவில்லை. ஓட்டெடுப்புக்குப் போய்விட்டார். இது எல்லாமே அவைக்குறிப்பில் வரிக்கு வரி பதிவானது.

சட்டம் அமலுக்கு வந்த சில நாட்களில், 2014 மார்ச்சில், பத்து மனுதாரர்கள் அரசியலமைப்பு நீதிமன்றத்துக்குப் போனார்கள். முதல் பெயர் மக்கெரெரே சட்டப் பேராசிரியர் ஒலோக்கா-ஒன்யாங்கோ. கூடவே ஆளுங்கட்சி எம்.பி. ஃபாக்ஸ் ஒடோய், பிரபல பத்திரிகையாளர் ஆண்ட்ரூ ம்வெண்டா, ஒரு டாக்டர், காஷா, ஒன்ஸியெமா, பாலினச் சிறுபான்மையினர் கூட்டமைப்பின் ஃபிராங்க் முகிஷா, இரண்டு அமைப்புகள். பட்டியலைப் பார்த்தாலே யோசித்துப் போட்டது தெரியும். இது அவர்கள் பிரச்சினை என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது. மனுவில் சமத்துவம், அந்தரங்கம், கண்ணியம் என்று பெரிய வாதங்கள் எல்லாம் இருந்தன. ஆனால் முதல் வாதமாகக் கோரத்தை வைத்தார்கள்.

2014 ஆகஸ்ட் 1 அன்று ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகச் சட்டத்தை ரத்து செய்தார்கள். கோரம் இல்லை என்ற குற்றச்சாட்டை அரசுத் தரப்பு தன் பதில் மனுவில் குறிப்பாக மறுக்கவே இல்லை. மறுக்காததை ஒப்புக்கொண்டதாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றது நீதிமன்றம். நம் ஊர் முன்சீஃப் கோர்ட்டில் எதிர்வாதம் எழுதும் ஜூனியர் வக்கீலுக்கும் தெரிந்த விதி இது. அந்தச் சின்ன விதியில் ஒரு நாட்டின் வெறுப்புச் சட்டம் விழுந்தது.

டெக்னிக்கலான வெற்றிதானே, கொள்கை அளவில் ஒன்றும் இல்லையே என்று அப்போது பலர் சொன்னார்கள். அதை நான் ஏற்க மாட்டேன். ஏப்ரல் மாதம்தான் எச்.ஐ.வி. ஆராய்ச்சி செய்யும் ஒரு கிளினிக்கில் போலீஸ் புகுந்திருந்தது. வீட்டுக்காரர்கள் வாடகைக்கு இருப்பவர்களைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் ஆறு மாதத்துக்குள் சட்டம் செத்துப்போனது என்றால், அது எந்தக் காரணத்தால் செத்தது என்பது தெருவில் நிற்பவனுக்கு இரண்டாம் கேள்வி. ஆனால் ஒரு பலவீனம் அதில் இருந்தது, அதையும் மறைக்கக் கூடாது. இந்தச் சட்டம் மனிதர்களுக்குச் செய்வது தவறு என்று நீதிமன்றம் சொல்லவில்லை. தலைகளை எண்ணிவிட்டுத் திரும்பி வா என்று சொன்னதாகத்தான் அதை நாடாளுமன்றம் எடுத்துக்கொண்டது.

எண்ணிவிட்டுத் திரும்பியும் வந்தார்கள். 2023 மார்ச் 9 அன்று அசுமான் பசலிர்வா என்ற எதிர்க்கட்சி எம்.பி. புது மசோதாவை வைத்தார். மார்ச் 21 அன்று 389 பேரில் 387 பேர் ஆதரித்தார்கள். இந்த முறை கோரம் பற்றி வாய் திறக்க வழியில்லை. எதிர்த்தவர்கள் இரண்டே பேர்: ஃபாக்ஸ் ஒடோய், பால் க்விஸேரா புச்யானா. இருவரும் ஆளுங்கட்சி. குழுவின் அறிக்கைக்கு எதிராக ஒரு சிறுபான்மை அறிக்கையும் எழுதி வைத்தார்கள். 387 பேர் ஒரு பக்கம் நிற்க, தன் கட்சியும் தொகுதியும் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு பேர் எதிர்த்து நின்றார்கள்.

மே மாதக் கடைசியில் அதிபர் கையெழுத்திட்ட செய்தி வந்தது. 2013இல் கைவிடப்பட்ட மரண தண்டனை இதில் திரும்ப வந்துவிட்டது. ‘தொடர் குற்றவாளி’யும் பட்டியலில் இருந்தார். தன்பாலின உறவை ‘ஊக்குவித்தால்’ 20 ஆண்டு வரை சிறை. எதிர்ப்பவர்களின் வாயை அடைப்பதற்கென்றே எழுதிய பிரிவு அது. உலக வங்கி புதுக் கடனை நிறுத்தியது, அமெரிக்கா வர்த்தகச் சலுகையை விலக்கிக்கொண்டது. சட்டம் அசையவில்லை. அதே 2023 ஆகஸ்டில், மரண தண்டனை வரை போகக்கூடிய இந்தப் பிரிவில் 20 வயது இளைஞர் ஒருவர் மீது வழக்குப் பதிவானது.

மறுபடியும் நீதிமன்றம். 2024 ஏப்ரல் 3 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம் சட்டத்தின் பெரும்பகுதி செல்லும் என்றது. மரண தண்டனையும் செல்லும் என்றது. நான்கு இடங்களில் மட்டும் கைவைத்தது. காட்டிக்கொடுக்கும் கடமை போனது. வாடகைக்கு வீடு கொடுப்பதைக் குற்றமாக்கிய இரண்டு பிரிவுகள் போயின. நோய் தொற்றுவதை வைத்துத் தூக்கு என்ற பகுதியும் போனது. மொத்தத்தில் இது தோல்விதான். சுற்றிவளைத்துச் சொல்ல விரும்பவில்லை. ஆனால் டாக்டரும் நர்சும் வீட்டுக்காரரும் உளவாளிகளாக மாறத் தேவையில்லை என்ற ஒன்று மிஞ்சியது. 2009இல் அந்தக் கூட்டணி முதலில் பிடித்த பிடி 15 ஆண்டு கழித்தும் நழுவவில்லை. மிச்சத்துக்கு உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தார்கள்.

இன்னொரு அடுக்கும் உண்டு, அதைப் பலரும் கவனிப்பதில்லை. இந்தச் சட்டத்தில் குற்றம் நிரூபணமானாலும் நீதிபதி மரண தண்டனை கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. அதற்குக் காரணம் தன்பாலினத்தவர்கள் போட்ட வழக்கு இல்லை, லுசிரா சிறையில் தூக்குக்குக் காத்திருந்தவர்கள் போட்ட வழக்கு. சூசன் கிகுலா என்ற பெண்ணும் இன்னும் 417 கைதிகளும் சேர்ந்து தொடுத்தது அது. சில குற்றங்களுக்குக் கட்டாயம் மரணம் என்று சட்டம் சொல்வதும், வருடக்கணக்கில் தூக்குக்குக் காத்திருக்க வைப்பதும் கொடுமை என்றார்கள். 2009 ஜனவரி 21 அன்று உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. கட்டாய மரண தண்டனை ரத்து. இறுதித் தீர்ப்புக்குப் பிறகு மூன்று ஆண்டு கடந்தும் நிறைவேற்றாவிட்டால் அது ஆயுளாகிவிடும். நமக்கு இரண்டுமே பழக்கமான வாதங்கள். 1983இல் மித்து வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் 303ஆம் பிரிவின் கட்டாயத் தூக்கை ரத்து செய்தது. பேரறிவாளன், சாந்தன், முருகன் மூவரின் தண்டனை 2014 பிப்ரவரியில் ஆயுளாகக் குறைந்ததும் தாமதத்தைக் காரணம் காட்டித்தான். கிகுலா சிறையிலிருந்தபடியே சட்டம் படித்து, 2016இல் விடுதலையானார்.

உகாண்டாவில் ராணுவம் சாராத சிறையில் கடைசியாகத் தூக்கு நடந்தது 1999இல், 28 பேருக்கு. எட்வர்ட் எம்பகி என்பவர் ஒருவரைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்டு 18 ஆண்டுக்கு மேல் சிறையில் கிடந்தார். கொல்லப்பட்டதாகச் சொன்ன ஆள் உயிரோடு இருந்தார். எம்பகி 2000இல்தான் வெளியே வந்தார். ஆகவே பாரபட்சமான தூக்குச் சட்டத்தை எதிர்ப்பவர்கள் ‘இந்தப் பிரிவினரைத் தவிர மற்றவர்களுக்கு இருக்கட்டும்’ என்று நின்றுவிட்டால் அது போதாது என்பது என் கருத்து. பொதுவாகத் தூக்குக்கு எதிராக அந்தக் கைதிகள் கட்டிய சுவர்தான் இன்று இவர்களையும் காக்கிறது.

கடைசிக் கேள்வி, இங்கிருந்து என்ன செய்வது. அங்கே சட்ட உதவி செய்யும் வக்கீல்களும், கைதானவர்களுக்கு ஜாமீன் கேட்டு ஓடுபவர்களும் பணமாகவோ பேச்சாகவோ என்ன கேட்கிறார்கள் என்று முதலில் அவர்களிடமே கேட்பது நல்லது. 2011இல் கேமரூனுக்கு அவர்கள் சொன்ன பதில் நமக்கும் பொருந்தும். அப்புறம், நம் அரசிடம் கேட்க ஒன்று இருக்கிறது. 2017 செப்டம்பர் 29 அன்று ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் மரண தண்டனை பற்றி ஒரு தீர்மானம் வந்தது. தன்பாலின உறவு, மதநிந்தனை, பிறன்மனை உறவு, மதமாற்றம் போன்றவற்றுக்கு மரண தண்டனை விதிக்கக் கூடாது என்று அது சொன்னது. 27 நாடுகள் ஆதரித்தன, 13 நாடுகள் எதிர்த்தன. எதிர்த்த 13இல் இந்தியாவும் ஒன்று. மரண தண்டனையைக் கட்டுப்படுத்தச் சொல்லும் சர்வதேசத் தீர்மானங்களை இந்தியா வழக்கமாகவே எதிர்க்கிறது, நம் சட்டப் புத்தகத்தில் அந்தத் தண்டனை இருக்கிறது என்பது காரணம். ஆனால் அடுத்த ஆண்டு செப்டம்பரிலேயே நம் உச்ச நீதிமன்றம் 377இன் பிடியிலிருந்து வயதுவந்தோரின் சம்மத உறவை விடுவித்துவிட்டது. அதற்குப் பிறகும் வெளியே போய் அதே பக்கம் கை தூக்குவதற்கு நியாயம் இல்லை. உங்கள் தொகுதி எம்.பி.க்கு ஒரு கடிதம் எழுதி, அடுத்த முறை இப்படி ஒரு தீர்மானம் வந்தால் இந்தியா எப்படி வாக்களிக்கும் என்று வெளியுறவு அமைச்சரிடம் எழுத்துமூலக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். அவையில் வைக்கப்படும் பதில் பதிவில் நிற்கும், பின்னால் யாராவது எடுத்துக் காட்டலாம்.